இடிக்க நாள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், எங்கள் ஒன்றியத்தில் பழுதடைந்த பள்ளிக் கட்டடம் ஒன்றை இடித்த செய்தி படத்துடன் வந்திருந்தது. 'ஒரே நாளில் தரைமட்டம்' என்று தலைப்பு. வேகமாகச் செயல்பட்டதற்காக அதிகாரிகளுக்குப் பாராட்டும் இருந்தது. அந்தப் படத்தில் இயந்திரத்தின் வாளிக்குக் கீழே ஒரு மரம் இரண்டாக முறிந்து கிடக்கிறது. வெளியே பச்சை வண்ணம். முறிந்த இடத்தில் மட்டும் பொன்னிறம். அது தேக்கு உத்திரம். முறிவதற்கு முன்பு அதை நாடா வைத்து அளந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான். சுருக்கிப் போடுவதும் போடாமல் விடுவதும் தங்கள் விருப்பம்.

காரைக்குடியில் பழைய கட்டடச் சாமான் கடை நடத்துகிறேன். மாமனார் தொடங்கியது, கணவர் காலத்துக்குப் பிறகு என் பொறுப்பில் இருக்கிறது. எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வந்து எனாமல் தூக்குக்கும் பீங்கான் ஜாடிக்கும் விலை பேசுவார்கள். என் கடை அந்த ரகம் அல்ல. என்னிடம் இருப்பவை நிலை, கதவு, ஜன்னல், உத்திரம், தூண், ஓடு, செங்கல், படிக்கல். மாட்டுக்கொட்டகைக்கு ஓடு தேடி வருகிறவர்களும் என் வாடிக்கையாளர்கள்தான். வீட்டைப் பிரித்து எடுக்க எங்களிடம் ஒரு குழு இருக்கிறது. தச்சர், கொத்தனார், செங்கல் தட்டும் பெண்கள் என்று எல்லாரும் சுற்றுவட்டாரத்து ஆட்கள்.

அந்தப் பள்ளிக் கட்டடம் ஏலத்துக்கு வந்தபோது நானும் போயிருந்தேன். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர். இரண்டு வகுப்பறைக்கும் மெட்ராஸ் டெரஸ் தளம், அதாவது மரச் சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய முறைக் கூரை. பின்பக்கத் தாழ்வாரத்துக்கு ஓட்டுக் கூரை. உத்திரங்கள் எட்டு. ஒவ்வொன்றும் 14 அடி நீளம், 9-க்கு 6 அங்குலம். எங்கள் தொழிலில் மரத்துக்குக் கணக்கு கன அடி. ஓர் உத்திரம் 5.25 கன அடி. எட்டுக்கும் சேர்த்து 42. அறுப்பில் கால் பங்கு சேதாரம் போகட்டும், 31 கன அடிக்குக் குறையாமல் நல்ல மரம் கிடைக்கும். சாதாரண வாசல் நிலை ஒன்றுக்கு இரண்டு கன அடி போதும். அதாவது 15 நிலைகள், முற்றிய தேக்கில். புதிதாகக் கட்டப்போகும் பள்ளிக்குத் தேவையான அத்தனை நிலைகளும் பழைய பள்ளியின் தலைக்கு மேலேயே இருந்தன.

ஏல அறிவிப்பில் கட்டடத்தை இடித்து இடத்தைச் சுத்தமாக ஒப்படைக்க 7 நாள் என்று இருந்தது. 30 நாள் கொடுத்தால் அரசு வைத்த தொகையைவிட அதிகமாகவே தருகிறேன் என்றேன். நிபந்தனை வைத்துக் கேட்கும் ஏலம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது விதிப்படி சரிதான். ஏழு நாளில் என் ஆட்களால் ஓட்டையும் ஜன்னலையும் இறக்கலாம், அதற்கு மேல் முடியாது. இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர் எடுத்தார். அவருக்கு மரம் தேவையில்லை, ஜன்னல் கம்பி போதும். என்னைவிடக் குறைந்த தொகைக்குத்தான் எடுத்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கத் தொடங்கினார்கள். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பிள்ளைகள் உட்காரும் கட்டடம் ஆடுகிறது என்றால் அன்றைக்கே பூட்ட வேண்டும். ஆனால் இந்தக் கட்டடத்தைப் பூட்டிப் பல மாதம் ஆகிவிட்டது. பிள்ளைகள் வேறு இடத்தில் படிக்கிறார்கள். சுற்றி வேலியும் போட்டாகிவிட்டது. பிறகு என்ன அவசரம்? மார்ச் 31, நிதியாண்டின் கடைசி நாள். புதுக் கட்டடத்துக்கு வந்த நிதியில் வேலையை அதற்குள் தொடங்கிக் காட்ட வேண்டும். பல மாதம் சும்மா நின்ற கட்டடத்துக்குக் கடைசியில் ஏழே நாள் கெடு.

பிரித்து எடுப்பது என்றால் என்ன என்று பலருக்கும் தெரிவதில்லை. கடப்பாரையும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு நாலு பேர் சுவரை முட்டித் தள்ளுவது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது கட்டிய வரிசையைத் தலைகீழாகப் போவது. பின்னிய சடையை அவிழ்ப்பதைப் போல, கடைசியாகப் போட்டதை முதலில் எடுக்க வேண்டும். நாங்கள் கண்டுபிடித்த சட்டம் அல்ல இது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு கட்டடம் இடிப்பதற்கென்று வைத்திருக்கும் ஐஎஸ் 4130 விதித்தொகுப்பும் மேலிருந்து கீழாக வரச் சொல்கிறது.

மின் இணைப்பையும் தண்ணீர்க் குழாயையும் துண்டித்த பிறகு முதலில் கதவுகளைக் கழற்றுவோம். கீல் துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருப்போம், நெம்ப மாட்டோம். செதுக்கு வேலை உள்ள வாசலாக இருந்தால் ஒவ்வொரு பாகத்தின் பின்புறமும் வண்ணத்தால் எண் போட்டுவிடுவோம். இல்லாவிட்டால் பிறகு எது எதனோடு சேரும் என்று அந்த ஆசாரியே எழுந்து வந்தாலும் சொல்ல முடியாது. அப்புறம் ஓடு. முகட்டு ஓடு காரையில் பதிந்திருக்கும். அதைப் பெயர்த்துவிட்டு மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக எடுத்து, கைமாற்றிக் கைமாற்றி இறக்க வேண்டும். கூரையில் ஏறியிருப்பவர் ஓட்டின் மேல் கால்வைக்கக் கூடாது, சட்டத்தின் மேல்தான். ஓட்டுக்கு அடியில் தேளும் குளவிக்கூடும் இருக்கும் என்பதால் கையை முதலில் உள்ளே விடுவதும் இல்லை. சீமை ஓட்டின் முதுகில் ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் பேசல் மிஷன்காரர்கள் 1865-ல் தொடங்கிய ஆலையின் ஓடுகள் இன்றைக்கும் கைக்கு வருகின்றன. அந்த முத்திரைக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு முத்திரையைவிடத் தட்டினால் வரும் சத்தம் முக்கியம்.

ஓடு போன பிறகு அதைத் தாங்கும் மெல்லிய சட்டமான ரீப்பர், பிறகு ரீப்பரைத் தாங்கும் சாய்வு மரமான கைமரம். எங்கள் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் கைமரமாகப் பனையே அதிகம். முற்றிய பனை எத்தனை வருடம் ஆனாலும் உளியை எகிறவைக்கும். இதற்குப் பட்டணத்தில் மதிப்பில்லை என்பதால் இயந்திரக்காரர்கள் விறகுக்குத் தள்ளிவிடுகிறார்கள். மெட்ராஸ் டெரஸ் தளம் என்றால் வேலை வேறு. அதில் உத்திரத்தின் மேல் சட்டங்கள்; சட்டங்களின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில், சுண்ணாம்பில் வரிசையாக ஒட்டிக்கொண்டே போயிருப்பார்கள். அடியில் பலகை அடிக்காமலேயே கட்டிய தளம் அது. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட். அதற்கும் மேல் தட்டோடு. பிரிக்கும்போது தட்டோட்டையும் ஜல்லியையும் சுரண்டி எடுத்துப் பாரத்தைக் குறைத்துவிட்டு, ஒரு மூலையில் தொடங்கிப் பத்தி பத்தியாகச் செங்கல்லை உதிர்க்க வேண்டும். சட்டங்களின் மேல் பலகை போட்டு நின்றுதான் வேலை. இயந்திரத்தின் வாளி அந்தத் தளத்தை ஒரு முட்டு முட்டினால் முழுப் பத்தியும் பாரத்தோடு இறங்கும். அந்தப் பாரத்தில்தான் உங்கள் படத்தில் இருந்த உத்திரம் முறிந்தது.

எல்லாவற்றிலும் பொறுமை வேண்டுவது வாசல் நிலை. பார்ப்பவர்கள், கதவை எடுத்தாகிவிட்டதே, நிலையை இழுத்தால் வராதா என்பார்கள். வராது. பழைய நிலையின் மேற்சட்டமும் கீழ்ச்சட்டமும் இரண்டு பக்கமும் சுவருக்குள் அரையடி நீண்டிருக்கும். சுவர் எழும்பும்போதே நிலையை நிறுத்தி அதைச் சுற்றிக் கட்டியது. ஆகவே சுவர் மேலிருந்து வரிவரியாக இறங்கி, நிலையின் தலை தெரியும் வரை அதைத் தொடவே கூடாது. தலை தெரிந்ததும் கயிறு போட்டு இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். தச்சர் முனைகளைச் சுற்றியுள்ள காரையை உளியால் கீறிக் கீறி எடுப்பார். சுவருக்குள் இருந்த முனையைத்தான் முதலில் பார்ப்போம். ஈரமும் கரையானும் தொடங்கும் இடம் அது. தமரூசியால் குத்திப் பார்த்து, ஊசி இறங்கினால் அந்த அளவுக்கு அறுத்துத் தள்ளிவிடுவோம். நிலையைச் சாய்க்கும்போது அது தன் பாரத்தில் கோணாமல் இருக்க உள்ளே மூலைவிட்டமாக ஒரு ரீப்பர் அடிப்போம். இத்தனையும் செய்து ஒரு நிலை தரைக்கு வர அரைநாள் போய்விடும். இயந்திரத்துக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம், நான்கு துண்டாகத் தந்துவிடும்.

அடுத்தது செங்கல். சுண்ணாம்பில் கட்டிய சுவரின் செங்கல்லை மீட்கலாம், சிமென்டில் கட்டியதை மீட்பது கடினம். காரணம் எளிது. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது. தட்டினால் காரைதான் உதிரும். சிமென்ட் கலவை செங்கல்லைவிடக் கெட்டி. தட்டினால் செங்கல்தான் உடையும். எங்கள் பெண்கள் செங்கல்லை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தேய்ந்த கொத்துக்கரண்டியின் விளிம்பால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். காரை பாளமாகக் கழன்று விழும். பிறகு இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று மோதிப் பார்ப்பார்கள். கணீரென்றால் அடுக்குக்குப் போகும்; மொத்தென்றால் ஜல்லிக் குவியலுக்கு. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சத்தத்தில் சந்தேகம் இருந்தால் அவர்களே ஜல்லிக் குவியலில் போட்டுவிடுவார்கள், கூலி போனாலும். மேஸ்திரியின் வாய்க்குப் பயந்து அல்ல; வாங்கியவர் திரும்பி வந்து கேட்டால் கடை வாசலில் உட்கார்ந்திருப்பதும் அவர்கள்தான்.

எடுக்க முடியாதவையும் உண்டு. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து தேய்த்த பூச்சு கண்ணாடி போலப் பளபளக்கும் என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். அதை எந்தக் கெட்டிக்காரராலும் கழற்றிப் போக முடியாது. தரைக்குப் போடும் ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். சிமென்டில் அழுத்திப் பதித்திருந்தால் பெயர்க்கும்போது பாதிக்கு மேல் மூலை உடையும். தூண், நிலை, உத்திரம், இத்தாலியப் பளிங்கு இவை கைக்கு வரும். பர்மாத் தேக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் வந்த மரம் அது. 1942-ல் ஜப்பான் படை அங்கே நுழைந்ததோடு அந்தக் காலம் முடிந்தது. 2014 ஏப்ரலிலிருந்து மியான்மர் அரசு முழு மரக்கட்டைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டது. ஆகவே கூரையில் இருக்கும் மரம்தான் இருக்கும் மரம்.

உங்களைப் போன்ற கடைக்காரர்கள்தான் செட்டிநாட்டு வீடுகளைக் காலி செய்தீர்கள் என்று சிலர் என் முகத்துக்கு நேராகவே சொல்வதுண்டு. வீடு நிற்பதுதான் நல்லது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பங்காளிகள் பன்னிரண்டு பேர் பன்னிரண்டு ஊரில் இருந்துகொண்டு, ஓடு மாற்றக்கூட யாரும் பணம் போடாமல், மழை உள்ளே இறங்கி, கடைசியில் விற்றுப் பிரித்துக்கொள்வோம் என்று முடிவுக்கு வந்த பிறகே என்னைக் கூப்பிடுகிறார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் நிற்கும் செட்டிநாட்டு வீட்டைப் போய்ப் பாருங்கள். இடிபட இருந்த வீட்டின் பாகங்களைக் கொண்டுபோய் அங்கே எழுப்பியிருக்கிறார்கள். கூரையை இயந்திரம் முட்டியிருந்தால் அதை எங்கிருந்து எழுப்புவது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்களிடம் மரம் வாங்க வருகிறவர்கள் முதலில் தரத்தைக் கேட்பதில்லை. 'இது எந்த வீட்டு மரம்? வாழ்ந்த வீடா, வாழ்ந்து கெட்ட வீடா?' என்று கேட்பார்கள். பழைய மரத்தைப் புது வீட்டில் சேர்க்கக் கூடாது என்று மனையடி சாஸ்திரம் சொல்கிறதாம். வாசல் நிலைக்கு மட்டும் புது மரம் போட்டுக்கொள்ளுங்கள், உள்ளறைக்கு இதைப் போடுங்கள் என்று சமாதானம் சொல்லி அனுப்புவேன். அந்தச் சமாதானத்துக்கும் சாஸ்திரத்தில் இடமில்லை என்று ஒரு ஜோசியர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அதே ஆள் விடுமுறைக்குப் போய்த் தங்கும் ஓட்டலின் முகப்புத் தூண் எங்கள் கடையில் வாங்கியது. அங்கே அவருக்கு நல்ல தூக்கம் வந்ததாகவே கேள்வி. பள்ளிக்கூடத்து மரத்துக்கு அந்தச் சிக்கலும் கிடையாது. எழுத்துச் சொல்லிக்கொடுத்த இடத்து மரத்தை யாரும் கெட்ட மரம் என்று சொல்ல முடியாது.

புதையலைப் பற்றியும் கேட்பார்கள். சுவரை இடிக்கும்போது என்னவெல்லாம் கிடைக்கும் என்று பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூடக் கேட்டதுண்டு. ஆணி கிடைக்கும். பழைய ஆணியை ஒன்றுவிடாமல் பிடுங்கிக் கொடுத்தால்தான் அறுப்பு மில்லில் மரத்தை ஏற்றுவார்கள். ஓர் ஆணி தப்பினால் அவர்களுடைய ரம்பப் பல் போய்விடும். என்னைப் பொறுத்தவரை அந்த ஆணிகளைப் பிடுங்கி முடிப்பதுதான் புதையல்.

கான்கிரீட் வீடுகளின் கதை தனி. இப்போது இடிபடுவதில் பெரும்பகுதி அவைதான். அவற்றில் மிஞ்சுவது கம்பியும் ஜல்லியும் மட்டுமே. பிரேக்கரால் உடைத்துக் கம்பியை உருவி, சாலையோரத்தில் வைத்து நிமிர்த்திக் கட்டுவார்கள். பெரும்பாலும் உருக்கு உலைக்குப் போகும். சிலர் மலிவாக இருக்கிறதே என்று அந்தக் கம்பியை வாங்கிப் புது வீட்டுத் தூணில் போடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள் என்று என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன். துருவில் இளைத்து, ஒருமுறை வளைந்து நிமிர்ந்த கம்பி அது. கொடி கட்ட, பந்தல் போட ஆகும். மாடியைத் தாங்க ஆகாது. உடைந்த கான்கிரீட்டை அரைத்து ஜல்லியாக்கலாம். 2016-ல் திருத்திய ஐஎஸ் 383 தர விதி, அப்படி அரைத்த ஜல்லியைச் சாதாரண கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் சேர்க்க அனுமதிக்கிறது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவை அரைக்கும் ஆலைகள் இருக்கின்றன.

வெடிவைத்துத் தகர்ப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, பார், சில விநாடியில் முடிந்துவிட்டது என்கிறார்கள். 2014-ல் மௌலிவாக்கத்தில் 61 பேரைப் பலிகொண்டு சரிந்த கட்டடத்தின் இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் அப்படித் தகர்த்தார்கள். கொச்சியில் மரடு அடுக்ககங்களை 2020 ஜனவரியில், நொய்டாவில் இரட்டைக் கோபுரத்தை 2022 ஆகஸ்டில். தொலைக்காட்சி காட்டுவது கடைசி விநாடிகளை. அதற்கு முந்தைய மாதங்களில் கதவு, ஜன்னல், குழாய், ஒயர் என்று எல்லாவற்றையும் ஆட்கள் கையால் கழற்றி, உள்சுவர்களையும் எடுத்துவிட்டுத்தான் வெடிமருந்து வைக்கிறார்கள். நொய்டாவில் விழுந்த இடிபாடு சுமார் 80,000 டன் என்று செய்திகள் வந்தன. அதைப் பிரித்து அள்ள மாதக்கணக்கில் ஆனது. வெடிவைக்கிறவர்களுக்கே பிரித்தெடுக்க நாள் கொடுக்கிறார்கள், இரண்டு வகுப்பறைப் பள்ளிக்குக் கொடுக்க மாட்டார்களா?

இயந்திரம்தான் பாதுகாப்பு என்பதும் முழு உண்மை இல்லை. 2017-ல் சென்னை தியாகராய நகரில் தீப்பிடித்து நாசமான ஜவுளிக்கடைக் கட்டடத்தை இடிக்கும்போது, இயந்திரத்தில் இருந்த ஓட்டுநரே மேலிருந்து விழுந்த இடிபாட்டில் இறந்துபோனார். கைவேலையிலும் ஆபத்து உண்டு. சுவருக்கு அடியில் பள்ளம் பறித்து மொத்தமாகச் சாய்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதற்குத் தண்டனை கொடுத்தாலும் தகும். தூசிக்குத் தண்ணீர் தெளிப்பதும், தலைக்கவசமும், கயிறும் கட்டாயம் என்று ஏலப் பத்திரத்திலேயே எழுதுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை உடைக்கவே கூடாது. நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுதாக இறக்க வேண்டும். அதன் தூள் நுரையீரலைப் பிடித்தால் விடாது. அதை வாங்கி விற்பதையே நாங்கள் நிறுத்திவிட்டோம்.

மத்திய அரசு 2016-ல் கொண்டுவந்த கட்டடக் கழிவு மேலாண்மை விதிகளிலேயே, ஒரு நாளில் 20 டன்னுக்கு மேல் கழிவை உண்டாக்குகிறவர்கள் அதைக் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என்று நான்காகப் பிரித்துவைக்க வேண்டும் என்று இருந்தது. இரண்டு வகுப்பறைக் கட்டடத்தை 'ஒரே நாளில் தரைமட்டம்' ஆக்கினால் 20 டன்னைத் தாண்டாமல் இருக்குமா? மூன்று நான்கு டிப்பர் லோடு போதும், கணக்கு தாண்டிவிடும். தாங்கள் பாராட்டாக வைத்த தலைப்பே விதிமீறலுக்குச் சாட்சியாக நிற்கிறது. நான் அங்கே போய்ப் பார்த்தபோது மரம், செங்கல், ஓடு, காரை, பழைய சத்துணவு அடுப்பின் மண் எல்லாம் ஒரே குவியலாகத்தான் கிடந்தன.

அந்தக் குவியல் எங்கே போனது தெரியுமா? ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் ஓரம். எங்கள் பகுதியில் வற்றாத ஆறு கிடையாது. கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் வாய்க்காலில் ஓடி ஊருணியிலும் கண்மாயிலும் சேர்ந்தால்தான் கிணறு ஊறும். அந்த வரத்துக்கால் ஏற்கெனவே பாதி தூர்ந்திருந்தது. இப்போது மீதியும் தூர்ந்தது. அதைத் தூர்வார அடுத்த வருடம் ஒரு திட்டம் வரும். அதையும் இதே இயந்திரம்தான் செய்யும், வாடகைக்கு.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. ஏலத்துக்கு முன்பே பொறியாளர் ஒரு தச்சரை அழைத்துக்கொண்டு போய், கட்டடத்தில் எத்தனை உத்திரம், என்ன மரம், எத்தனை நிலை, எந்தக் காரை என்று பட்டியல் எடுக்கட்டும். வண்ணம் பூசியிருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். கத்தி முனையால் ஒரு ஓரத்தில் சுரண்டினால் தேக்கா வேங்கையா என்று தெரிந்துவிடும். அரசுக் கட்டடங்களில் பச்சைக்கும் நீலத்துக்கும் அடியில் எத்தனை நல்ல மரம் ஒளிந்திருக்கிறது என்று அத்துறைக்கே தெரியாது. பிரித்தெடுப்பதற்கு ஓர் ஏலம், மிச்சக் கழிவை அள்ளுவதற்குத் தனி வேலை என்று இரண்டாகப் பிரிக்கட்டும். முதலாவதுக்குச் சின்னக் கட்டடமானால் 30 நாள். கட்டடத்தைப் பூட்டிய அன்றே இந்த வேலையைத் தொடங்கினால் மார்ச் மாதம் யார் தலையிலும் வந்து உட்காராது. எல்லாவற்றையும் எங்களுக்கே விற்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. செங்கல்லை அதே பள்ளியின் சுற்றுச்சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜல்லியைத் தரைக்கு அடியில் போட்டு இடித்துக்கொள்ளுங்கள். உத்திரத்தை நிலையாக அறுத்துக்கொள்ளுங்கள். அறுப்பதற்கு நல்ல மில் நானே காட்டுகிறேன்.

சொந்த வீட்டை இடிக்கப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புரோக்கர் காலையில் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு முன்பு, பழைய சாமான் கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாக வரவழைத்து விலை கேளுங்கள். முதலில் வருகிறவரின் விலையை நம்பாதீர்கள், அது நானாக இருந்தாலும். கூரையில் மரம் இருக்கும் வீட்டுக்கு, இடிக்கிறவர்தான் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பார். இயந்திர வாடகையை நீங்கள் கொடுத்து, மரத்தையும் அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், இரண்டு பக்கமும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்.

எங்கள் ஒன்றியத்தில் இன்னும் இரண்டு பழைய கட்டடங்கள் விரைவில் ஏலத்துக்கு வருகின்றன. ஒன்றில் ஓட்டுக் கூரை, பனங்கைமரம். மற்றொன்றில் தேக்குத் தளம். அலுவலகத்தில் விசாரித்தேன். அறிவிப்பு தயாராகிறது என்றும், 'அப்புறப்படுத்தும் காலம்' என்ற இடத்தில் இன்னும் நாள் குறிக்கவில்லை என்றும் சொன்னார்கள். அதை நிரப்பப்போகிற அதிகாரி தங்கள் நாளிதழ் படிப்பவர் என்று எனக்குத் தெரியும். 7 என்று போடாமல் 30 என்று போடும்படி இதன் வழியாக அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கட்டடச் சாமான் கடைக்காரி,
காரைக்குடி.